பூஜையிலிருந்து எடுத்த லேப்டாப்

விடுமுறை நாளில் வேலை பார்க்க நேர்வது என் தொழிலில் பெரிய சங்கதி இல்லை. எரிச்சல் வரும், டீக்கடையில் யாரிடமாவது இரண்டு வார்த்தை திட்டித் தீர்த்தால் இறங்கிவிடும். 2025 அக்டோபர் 1, புதன்கிழமை, ஆயுத பூஜை அன்று எனக்கு வந்தது எரிச்சல் அல்ல. போன் அடித்து, திரையில் மேலாளரின் பெயரைப் பார்த்ததும் உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. நல்லவேளை, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று. அந்த நிம்மதிதான் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. நிம்மதியைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா? வேலை இருப்பதற்கு நன்றியோடு இருப்பது நல்ல குணம் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். இருப்பதைக் குறை சொல்லாதே, இல்லாதவனைப் பார் என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கும் பொருந்தும், சம்பளத்துக்கும் பொருந்தும். அப்படியிருக்க, நன்றி என்று நான் பெயர் வைத்திருக்கும் இந்த உணர்ச்சி லீவு நாளில் மட்டும் ஏன் இவ்வளவு பலமாக வருகிறது? சம்பள நாளில் வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்ப்பேன், வாடகையையும் மருந்துச் செலவையும் மனதுக்குள் கழித்துப் பார்ப்பேன், போனைக் கவிழ்த்து வைப்பேன். அன்றைக்கு யாருக்கும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. வாங்கும்போது வராத நன்றி, கொடுக்கும்போது வருவது கொஞ்சம் விநோதம்தான்.

நாங்கள் இருப்பது திருவண்ணாமலை ரமண நகரில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். ரமணாசிரம வாசலருகே நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கு ஆயுத பூஜைதான் தீபாவளி. முதல் நாள் சாயங்காலமே வண்டியைக் கழுவி, சீட்டைக் கழற்றி வெயிலுக்குக் காட்டி, முன்னால் வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலையைக் கண்ணாடிக்குக் குறுக்கே தொங்கவிடுவார்கள். பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, சில்லறையைப் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றி நடுரோட்டில் உடைப்பார்கள். அப்புறம் நாள் பூராவும் அந்தச் சிவப்புச் சதைமேல் டயர்கள் ஏறி இறங்கும். டயர் ஓய்ந்த நேரத்தில் குரங்குகள் வந்து கிளறும். யார் கடந்து போனாலும் ஒரு கை பொரியும் உடைத்த கடலையும் திணித்துத்தான் அனுப்புவார்கள். வீட்டில் அம்மா மனைப்பலகையில் கோலம் போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, சுத்தியல், கத்தரிக்கோல், தையல் மிஷினின் பாபின் பெட்டி என்று வரிசையாக அடுக்கியிருந்தாள். "ஏம்பா, ஒன் பெட்டியையும் கொண்டாந்து வை" என்றாள். லேப்டாப்பை மூடிக் கொடுத்தேன். சந்தனத்தைக் குழைத்து மூடியின் நடுவில், கம்பெனிச் சின்னத்தின் மேலேயே, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பிறகு வழக்கமான கண்டிப்பு: இனி நாளைக்குக் காலையில்தான் எடுக்க வேண்டும், அதுவரைக்கும் எழுத்து, படிப்பு, தையல், எதுவும் கூடாது. சின்ன வயதில் இந்த ஒரு நாளுக்காகவே சரஸ்வதி எனக்குப் பிடித்த சாமி. கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்து, மேலே மற்ற எல்லாப் புத்தகத்தையும் அடுக்குவேன்.

பதினோரு மணி சுமாருக்கு அந்த போன் வந்தது. அமெரிக்காவில் அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். அங்கே இரவில் ஓட வேண்டிய ஒரு ஜாப் பாதியில் நின்றுவிட்டது. அவர்கள் தூங்கி எழுவதற்குள் சரியாக வேண்டும். "பூஜை நாள்ல தொந்தரவு பண்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, ஒன் அவர் வேலைதான்" என்றார் மேலாளர். இந்தத் தொழிலில் 'ஒன் அவர்' எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொழுது சாயும் வரைக்கும் இழுத்தது. நான் தயங்கி நின்றது மேலாளரிடம் அல்ல, பூஜைப் பலகைக்கு முன்னால். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்துக்கோ. கூப்புட்டா போவணும். சாமி குடுத்த வேலைதானே, சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தாள். மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து திறந்தேன். மூடியில் இருந்த சந்தனம் என் உள்ளங்கையில் பட்டு, அங்கிருந்து டச்பேடுக்குப் போயிற்று. நான்கைந்து ஜன்னல்களைத் திறந்து ஓட்டியதில் உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது. கீழ்ப்பக்கம் சூடேறி, சூட்டில் சந்தன வாசனை எழுந்தது. கோவில் பிரகாரத்து வாசனை. அதற்கு நடுவே லாக் ஃபைலில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே மயில் அகவியபோது, கான்ஃபரன்ஸ் காலில் இருந்த யாரோ, வீட்டில் குழந்தை அழுகிறது போல, மியூட் பண்ணுங்கள் என்றார்கள். எங்கள் குழுவில் வேலூரிலிருந்து வேலை பார்க்கும் பெண்ணும் அந்தக் காலில் இருந்தாள். அவளுடைய லேப்டாப்பும் பூஜையில். பாட்டி எடுக்க விடவில்லையாம். போனைப் பூஜையில் வைக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து, போனிலேயே பாதி வேலையை முடித்தாள். சாஸ்திரத்துக்கும் பழுதில்லை, சர்வருக்கும் பழுதில்லை.

அம்மாவின் அந்த அனுமதி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா சென்னையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஆயுத பூஜைக்கு மில்லுக்குள் குடும்பத்தையும் விடுவார்கள். வருஷம் முழுக்கப் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத ஷெட்டில், அன்றைக்கு மட்டும் வளையல் சத்தம் கேட்கும். மிஷினுக்கெல்லாம் பட்டையாக விபூதி, பொட்டு, கதம்ப மாலை. எண்ணெய்ப் பிசுக்கில் பஞ்சு ஒட்டிக்கொண்ட இரும்பின்மேல் மஞ்சள் சாமந்தி. அப்பா தன் மிஷினைத் தொட்டுக் காட்டி எனக்கு விளக்குவார். அவருக்கு அவ்வளவு பேச வரும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. பிறகு ஆலை மூடப்பட்டது. அப்பா கருவிப் பையோடு ஊருக்கே திரும்பி வந்து, கிடைத்த இடத்தில் கிடைத்த வேலை பார்த்தார். சில வருஷங்கள் எதுவும் கிடைக்கவில்லை. அந்த வருஷங்களிலும் ஆயுத பூஜைக்கு ஸ்பேனர் செட்டும் வெர்னியர் காலிப்பரும் பலகையில் இருந்தன. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காலிப்பரின் தாடையைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வைப்பார். இல்லாத வேலைக்கு எதற்குப் பொட்டு என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அன்று அது விசித்திரமாகப் படவில்லை. இப்போதுதான் படுகிறது: அப்பாவின் நன்றி மில்லுக்குப் போகவில்லை. மில் போய்விட்டது, நன்றி மிச்சம் இருந்தது. காலிப்பருக்கும், அதைப் பிடிக்கத் தெரிந்த கைக்கும் அவர் பொட்டு வைத்தார். எங்கள் வீட்டுப் பலகையில் எந்த வருஷமும் முதலாளியின் படம் இருந்ததில்லை. என் நன்றி அப்படி இல்லை. மேலாளரின் பெயர் திரையில் வந்ததும் எழுந்த அந்தத் தளர்ச்சியில் என் கை, என் மூளை, பழகிய தொழில் எதுவும் இல்லை. கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் இருந்தது.

இதை வைத்து, அந்தக் காலத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்துக் கும்பிட்டார்கள், நாம் கையில் பிடித்துக்கொண்டே கும்பிடுகிறோம் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. எழுதினால் அழகாகவும் இருக்கும், பாதிப் பொய்யாகவும் இருக்கும். அன்று காலை வாழைக்கன்று கட்டிய அரசுப் பேருந்து செங்கம் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த டிரைவருக்கு வண்டி பூஜையிலும் இருக்கிறது, ரோட்டிலும் இருக்கிறது. மின்வாரியத்துக்காரர் கம்பத்தில் ஏறத்தான் செய்வார். பூ விற்கிற அம்மாவுக்கு வருஷத்திலேயே பெரிய வியாபார நாள் அதுதான்; முழம் போடும் கையை அவர் எந்தப் பலகையில் வைப்பார்? ஆசிரமச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் காவி வேட்டிக்காரர்களைச் சும்மா இருப்பவர்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். கவனித்தால் அவர்களுக்கும் மணிக்கணக்கு இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆசிரமத்தில் தினமும் சாதுக்களுக்கு அன்னம் கொடுக்கிறார்கள். அந்த வரிசைக்கு நேரத்தில் போய் நின்றாக வேண்டும். பௌர்ணமி கிரிவலம் என்றால் பதினான்கு கிலோமீட்டர் பாதையில் நல்ல இடம் பார்த்து உட்கார வேண்டும். விடுமுறை நாள் அவர்களுக்குக் கூடுதல் வேலை நாள். ஆகவே விடுமுறை என்பதே ஒரு சின்னக் கூட்டத்தின் சலுகை என்று சொல்லிவிட்டு நானும் வாயை மூடிக்கொள்ளலாம். இல்லாதவனைப் பார். ஆனால் இந்த வாதம் எனக்குச் சாதகமாக எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதே சந்தேகத்தைக் கிளப்புகிறது. பூ விற்பவரைக் காட்டி என்னை வாயடைக்கச் செய்வதில் பூ விற்பவருக்கு ஒரு முழம்கூட அதிகம் விற்காது.

பயம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? அந்த வருஷம் பயப்படக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் பேரை, 12,000-க்கும் அதிகமானவர்களை, குறைக்கப்போவதாகச் சொன்னது. அதன் பிறகு சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள் 'எப்படி இருக்கே' என்று கேட்பதற்குப் பதில் 'இருக்கியா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. ஆயுத பூஜை அன்று காலை, நம் கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தொன்றுக்கு, வாஷிங்டனில் நள்ளிரவைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனபோது, நிதி ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க மத்திய அரசு முடங்கியது. அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஏறத்தாழ ஏழரை லட்சம் ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வேண்டிவரும் என்று அங்கே கணக்குப் போட்டிருந்தார்கள். இன்னொரு கூட்டம், விமானங்களை இறக்கி ஏற்றும் கட்டுப்பாட்டாளர்கள் போன்றவர்கள், அத்தியாவசியம் என்ற பெயரில் கைக்குச் சம்பளம் வராமலே வேலைக்கு வர வேண்டியிருந்தது. அந்த முடக்கம் 43 நாள் இழுத்தது. வேலை இல்லை, லீவு மட்டும் உண்டு என்றது ஒரு பட்டியல். சம்பளம் இல்லை, வேலை மட்டும் உண்டு என்றது இன்னொன்று. எனக்கு லீவும் இருந்தது, சம்பளமும் இருந்தது, வேலையும் இருந்தது. மூன்றும் ஒரே நாளில் இருந்ததுதான் சிக்கல். யாராவது கேட்டிருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதிர்ஷ்டத்துக்கும் நன்றிக்கும் நடுவே ஒரு ஆள் தேவைப்படுகிறார். மழை பெய்யாமல் கூட்டம் நடந்தால் வானத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. நான் மேலாளருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் பாவம், தன் பூஜையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

இதையெல்லாம் இந்தத் தெருவில் உட்கார்ந்து யோசிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29, ஒரு சனிக்கிழமை. மதுரையில் பதினாறு வயதுப் பையன் வீட்டில் உட்கார்ந்து இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தான். பெய்ன் என்பவரின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடத்தை மூன்று தடவை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதிவிட்டான். மூன்றாவதை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று குத்திக் காட்டினார். பையன் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக் கிளம்பினான். அப்படியே என் காலேஜ் ஃபீஸையும் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு ரயில் ஏறிய வெங்கடராமன், பின்னாளில் ரமணர் ஆனவர், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். வாரக்கடைசியில் வீட்டிலிருந்தே செய்ய வேண்டியிருந்த ஒரு வேலை, பாதியில் நின்றது. ஆசிரமம், ரமண நகர், சீசனில் ஏறும் வாடகை, வெள்ளைக்காரர்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் காபிக்கடைகள், நான் மாதக் கட்டணம் கட்டும் வைஃபை, எல்லாமே அந்த மூன்றாவது தடவை எழுதப்படாததன் தொடர்ச்சி. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வேலையை விடப்போகிறேன் என்று கண் கலங்கும் ஐடிக்காரர்களைக் குகை நமசிவாயர் குகைப் பக்கம், ஸ்கந்தாசிரமப் படிக்கட்டில், நிறையப் பார்க்கலாம். திங்கட்கிழமை லாகின் பண்ணிவிடுவார்கள். நான் கேலி செய்யவில்லை, நானும் அந்தப் படியில் உட்கார்ந்தவன்தான். ஆனால் ரமணர் வேலையை விடச் சொல்லி யாரையும் உற்சாகப்படுத்தியவர் அல்ல. அவரே விடியலுக்கு முன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார், அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்குப் பிழை திருத்தினார். தரையில் சிந்திய கடுகைக்கூடப் பொறுக்கி எடுப்பாராம். வேலூர் ஊரிசு கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி, பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. மலைமேல் நடக்கும்போது கிடந்த ஒரு முட்கம்பை எடுத்து, உட்கார்ந்து, முள்ளை நீக்கி, கணுவைச் சீவி, சொரசொரப்பான இலையால் தேய்த்து வழுவழுப்பாக்கினார். ஆறு மணி நேரம் ஆயிற்றாம். கம்பைத் தொலைத்துவிட்டு வந்த ஆட்டுக்காரப் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டார். ஆன்மிகச் சொற்பொழிவுகளில் இந்தக் கதை வேறு விதமாக முடியும். எனக்குக் கண்ணில் படுவது, கம்பு கைமாறியதும் வேலை முடிந்தது என்பது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அடுத்த கம்பு வரவில்லை. அவரை அந்த வேலைக்கு வைத்தவர் யாரும் இல்லை, ஆகவே யாருக்கு நன்றி என்ற கேள்வியும் அங்கே எழவில்லை. எனக்கு எழுகிறது, ஏனென்றால் எனக்கு அடுத்த கம்பு வேண்டும், வந்துகொண்டே இருக்க வேண்டும், வராத நாளை நினைத்தால் வயிறு பிசைகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் உணர்ச்சிவசப்படுவதில்லை, அது ஒரு ஆறுதல். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் 1958-இலேயே வந்துவிட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவை போக இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு பதிலுக்கு ஒரு விடுமுறை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வேலை செய்தவர் விருப்பம். அரசாங்கமே தன் லீவில் கறாராகத்தான் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது, இது செலாவணி முறிச் சட்டம் 1881-இன்படி பொது விடுமுறை அல்ல, கருவூலம் குறைந்த ஆட்களோடு இயங்கும் என்று ஒரு வரியும், இதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்று இன்னொரு வரியும் தவறாமல் இருக்கும். மலை உச்சியில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜோதி தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே குமாஸ்தா, அந்தச் சனிக்கிழமை கையெழுத்துப் போட வந்துவிடுவார். கொடுத்ததற்குக் கணக்கு, எடுத்ததற்குக் கணக்கு. நன்றி, விசுவாசம், குடும்பம் போல என்ற பேச்சு எதுவும் அங்கே கிடையாது. எங்கள் பக்கத்தில் இந்தப் பதில் விடுமுறைக்குக் காம்ப் ஆஃப் என்று பெயர். நிறுவனத் தளத்தில் விண்ணப்பம் போட வேண்டும், மேலாளர் ஒப்புதல் தர வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. அந்த வருஷம் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில் விழுந்து ஏற்கெனவே ஒரு லீவு போய்விட்டிருந்தது. ஆனாலும் நான் விண்ணப்பம் போடவில்லை. இந்த நேரத்தில் எதற்கு, வேலை இருக்கிறதே அது போதாதா என்று விட்டுவிட்டேன். அதைப் பெருந்தன்மை என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வேலூர்ப் பெண் கூப்பிட்டாள். "அண்ணா, ஆயுத பூஜைக்குக் காம்ப் ஆஃப் போட்டுட்டீங்களா?" இல்லை என்றேன். "போடுங்கண்ணா. நீங்க போடலைன்னா நான் மட்டும் கேக்கற மாதிரி தெரியும். அன்னைக்கு நம்ம குழுவுல லைன்ல இருந்தது நாம ரெண்டு பேர்தானே. சீனியரே கேக்கல, இவளுக்கு என்னன்னு நினைப்பாங்க." அவள் குரலில் புகார் எதுவும் இல்லை, கறிக்கடையில் பாக்கி கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். என் அடக்கம் எனக்குள்ளேயே இருந்துவிடுகிறது, யாருக்கும் செலவில்லை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது. நான் கேட்காத ஒரு நாள், அவள் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமாக மாறுகிறது. நான் நிம்மதியோடு உட்கார்ந்த அந்த மொட்டைமாடி அறையிலிருந்து வேலூரில் ஒரு பாட்டி கட்டிக் காத்த பூஜைப் பலகை வரைக்கும் ஏதோ ஒன்று இழுபடுகிறது. அவளுக்கு வேலைமேல் மதிப்பு இல்லையா என்றால், அன்று பிழையைக் கண்டுபிடித்ததே அவள்தான், போனில், கட்டைவிரலால். அப்பா காலிப்பரை வைத்தது போல அவளும் தன் கருவியை அன்று முழுக்கப் பலகையிலேயே விட்டிருந்தாள். மறுநாள் காலையில், நேரம் பார்த்து, பாட்டி எடுத்துக் கொடுத்தபோதுதான் திறந்தாளாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அழைப்பை முடித்துவிட்டுத் தளத்தைத் திறந்து விண்ணப்பம் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவளிடமே திரும்பக் கேட்டேன். "வேலை பார்த்தேன்னு எழுதுங்கண்ணா, வேற என்ன காரணம் வேணும்?" என்றாள்.